புள்ளி விழாத கட்டம்

எங்கள் பள்ளியில் அறிவியல் எடுப்பவருக்கு நான் வைத்த பெயர் தராசு டீச்சர். எங்கே பேச்சு எடுத்தாலும், "என் வகுப்புல எல்லாப் பிள்ளையும் எனக்கு ஒண்ணுதான்" என்பதில் கொண்டுவந்து முடிப்பார். நான் ஓவிய ஆசிரியை, அவருக்குப் பக்கத்து மேசை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஆனால் உழைப்பில் குறை சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருடமாகக் காய்ச்சலோடும் வந்து சோதனைக் குழாய் கழுவுகிறவர். ஒரே ஒரு வியாதி உண்டு. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சும்மா இருக்கத் தெரியாது, தானே சொல்லிவிடுவார்.

இந்த வருடம் தலைமை ஆசிரியர் புது முறை ஒன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகளே குழுக்களாகச் சேர்ந்து கேள்வி எழுப்பி, அவர்களே தேடி விடை காண வேண்டுமாம். ஆசிரியர் குறுக்கே வரக்கூடாதாம். தராசு டீச்சருக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

"உங்க கேள்வி என்னன்னு எங்கிட்ட சொல்லவே சொல்லாதீங்க. சொன்னா நான் விடைய உளறிடுவேன். ரெண்டு வாரம் கழிச்சுக் காட்டுங்க. எதை எண்ணினாலும் ரெண்டு பேர் தனித்தனியா எண்ணணும்" என்றார் பிள்ளைகளிடம்.

காட்டும் நாள் வந்தது. அன்று காலை முதல் வேலையாக அவர் தலைமை ஆசிரியரிடம் ஒரு தாளைக் கொடுத்திருந்தார். ஜன்னலோரம் கடைசியில் உட்காரும் தையல்காரம்மா மகளைப் பற்றியது. 'கேட்டால் வாயே திறப்பதில்லை. இதே வகுப்பில் இன்னொரு வருடம் இருப்பது நல்லது.' மதியம் அவள் அம்மா வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

சார்ட் தாள் கொடுத்தவள் என்பதால் என்னையும் பிள்ளைகள் கூப்பிட்டிருந்தார்கள். முதல் குழு எறும்பைப் பற்றிச் சொன்னது, இரண்டாவது நிழலைப் பற்றி. மூன்றாவது குழு தாளை விரித்தது. வகுப்பின் முப்பத்தாறு இருக்கைகளும் கட்டம் கட்டமாக இருந்தன. மேலே கொட்டை எழுத்தில் கேள்வி: 'டீச்சர் யாரை எத்தனை தடவை கேள்வி கேட்கிறார்?'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கேள்விக்கு ஒரு புள்ளி. முன்வரிசைக் கட்டங்களில் புள்ளி வைக்க இடமில்லை. பின்னால் போகப் போக இரண்டு, ஒன்று. ஜன்னலோரக் கடைசிக் கட்டம் வெறும் வெள்ளை.

தராசு டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. "தப்பா எண்ணியிருப்பீங்க."

குழுத் தலைவி இரண்டு நோட்டுகளை நீட்டினாள். "ரெண்டு பேர் தனித்தனியாதான் எண்ணினோம் டீச்சர். ஒரே மாதிரிதான் வந்துச்சு."

இரண்டையும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு நேரே ஜன்னல் பக்கம் போனார்.

"நீ சொல்லும்மா. இரும்பு ஏன் துருப்பிடிக்குது?"

அந்தப் பெண் திரும்பி, தனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உன்னைத்தாம்மா கேக்குறேன்" என்றார் தராசு டீச்சர். சொல்லிவிட்டுத் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஒரு நிமிடம் போயிருக்கும், எனக்கு ஒரு யுகம்.

"தண்ணி மட்டும் பட்டாப் பிடிக்காது டீச்சர், காத்தும் வேணும்" என்றாள் மெதுவாக. "அம்மா கத்தரிக்கோலுக்கு எண்ணெய் தடவுறது ரெண்டும் படக்கூடாதுன்னுதான்."

மதியம் தையல்காரம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தலைமை ஆசிரியர் முன்னால் நின்றிருந்தார். தராசு டீச்சர் போய் மேசையிலிருந்த தாளை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"இதுல இருக்கிறது பொய்ங்க. உங்க பொண்ணு வாய் திறக்கலைன்னு எழுதியிருந்தேன். நான் அவளைக் கேக்கவே இல்ல. பிள்ளைங்க எண்ணிக் காட்டிட்டாங்க."

அந்த அம்மா பேனாவை மூடினார். "ரெண்டு வாரமாவா டீச்சர் கேக்கல?"

"எண்ணினதுதாங்க ரெண்டு வாரம்" என்றார் அவர்.