சனிக்கிழமை எண்ணெய்

என் ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்ற வேண்டிய நாள் தாண்டி இரண்டு மாதமாகிவிட்டது. "கிலோமீட்டர் கணக்கு நோக்கண்டா சேச்சி. டிராஃபிக்ல நின்னு நின்னு ஓடற வண்டிக்கு நாலு மாசம் ஆனா மதி, ஆயில் மாத்தணும். பழைய டப்பால போட்டிருக்கற அதே நம்பர் ஆயில் வாங்கிட்டு வரணும்" என்று கரமனை மெக்கானிக் மலையாளம் கலந்த தமிழில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். கழக்கூட்டம் ஆபீஸிலிருந்து நான் திரும்புவதற்குள் ஆயில் கடையைச் சாத்திவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கடையும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. மிச்சமிருப்பது சனிக்கிழமை. அன்றைக்கு எண்ணெய் வாங்கினால் வீட்டுக்கு ஆகாது என்பது அம்மாவின் சட்டம்.

"அது இன்ஜினுக்கும்மா, தோசைக்கல்லுக்கு இல்லை!"

"எதுக்கானாலும் எண்ணெய் எண்ணெய்தாண்டி."

ஒரு வெள்ளிக்கிழமை காலை, நாளைக்கு வாங்கத்தான் போகிறேன் என்று கத்திவிட்டு ஆபீஸ் போனேன். திரும்பி வந்தபோது, அடுக்களையில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் அதே நம்பர் போட்ட புது ஆயில் டப்பா இருந்தது. நம்பர் மறக்காமலிருக்க நான் வைத்திருந்த காலி டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, முழங்கால் வலியோடு பஸ் ஏறி, தம்பானூர் கடைக்குப் போய் அம்மா வாங்கி வந்திருக்கிறாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. "நாளைக்கு சனிக்கிழமையாச்சே, மாத்தலாமா?" என்றேன்.

"வாங்கப்படாதுன்னுதானே சொன்னேன். வண்டிக்கு விடப்படாதுன்னு சொன்னேனோ?" என்றாள் அம்மா.