பிணவாசல் வழியே வந்தவர்

போதில் என்கிற பெண்ணின் வாய்க்கு எங்கள் ஊரில் பயப்படாதவர் கிடையாது. அவளே பயந்தது ஆணிச் சபை ஒன்றுக்குத்தான். செத்தவன் எழுந்து நடக்கிறான் என்று எவனாவது கிளப்பிவிட்டால் போதும், சாம்பல் அங்கியும் தோல்பையுமாக அந்தச் சகோதரர்கள் வந்து இறங்குவார்கள். பையில் முழ நீளத்துக்கு இரும்பு ஆணி இருக்கும். அதை நெஞ்சில் அடித்து இறக்கி, ஜபம் சொல்லி, நாங்கள் போடுகிற பன்றிக்கறியையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அவர்களுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்ற கூட்டம்தானே நாங்கள்!

இருபத்திரண்டு வருடமாக ஊரில் பிணம் குளிப்பாட்டுகிறவள் போதில். உதட்டில் இறகை வைத்துப் பார்ப்பாள். அசையாவிட்டால் ஆள் போய்விட்டார். கால் பெருவிரல் இரண்டையும் சிவப்பு நூலால் சேர்த்துக் கட்டுவாள். அதற்கப்புறம் பிணவாசல். ஜட்லாந்துச் சீமையில் எங்கள் வட்டார வீடுகளில் பக்கச் சுவரில் ஒரு வளைவு செங்கல் அடைத்துக் கிடக்கும். சாவு விழுந்தால் அதை உடைத்து, கால் முன்னே போகப் பெட்டியை வெளியே எடுத்து, உடனே திரும்ப அடைத்துவிடுவோம். போன வழியில்தான் செத்தவன் திரும்புவான் என்று கணக்கு. ஆகவே அந்த வாசலில் போனவன் செத்தவன், அந்த வாசலில் உள்ளே வருவது நடைபிணம். சபையின் சட்டம் அவ்வளவுதான்.

அந்தப் பனிக்காலத்தில் போதிலின் புருஷன் லௌஸ்ட் விலாங்கு மீன் குத்தப் போய், ஏரி மேல் உறைந்த பனி உடைந்து உள்ளே விழுந்தான். கட்டை மாதிரி விறைத்துப் போனவனைக் கொண்டுவந்து போட்டார்கள். போதில் அழுதுகொண்டே இறகை வைத்தாள். அசையவில்லை. அழுதுகொண்டே நூலைக் கட்டினாள். மறுநாள் பெட்டி பிணவாசல் வழியே போயிற்று, சுவரையும் அடைத்தாயிற்று. கல்லறைத் தோட்டத்து வாசலில் தூக்கினவர்கள் பனியில் சறுக்க, பெட்டி தரையில் மோதியது. உள்ளேயிருந்து ஒரு இருமல். தூக்கின ஆறு தடியன்களும் எடுத்தார்கள் ஓட்டம். போதில் ஒருத்திதான் பெட்டியை நோக்கி ஓடினாள். நகம் பிய்ந்து ரத்தம் வழிய மூடியைப் பெயர்த்தாள்.

"குளிருதுடி," என்றான் லௌஸ்ட்.

அவனை முன்வாசல் வழியாகக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து அடுப்போரம் உட்கார வைத்தாள். ஓடின ஆறு பேரில் எவன் போய்ச் சொன்னானோ, மூன்றாம் நாள் காலையில் சபை வந்துவிட்டது. மூத்த சகோதரர் மௌரித்ஸ், கூட இரண்டு இளையவர்கள். ஊரே பின்னால் நின்றது. போதில் கதவுக்குக் குறுக்கே அலமாரியைத் தள்ளிவிட்டு ஜன்னலில் நின்றாள்.

"கதவைத் திற போதில். உள்ள இருக்கிறது உன் புருஷன் இல்ல."

"கஞ்சியில உப்பு பத்தலைங்கிறான் சாமி. அவனேதான்."

"நீயே குளிப்பாட்டின. நீயே நூல் கட்டின. நீ தப்புப் பண்ணினதா இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

"இப்ப நானே சொல்றேன். தப்புப் பண்ணிட்டேன், என் கண்ணு அவிஞ்சு போச்சு. போதுமா?"

போதவில்லை. மௌரித்ஸ் கொத்தனார் தெர்கெலைக் கூப்பிட்டுப் பிணவாசலை உடைக்கச் சொன்னார். இந்தத் தெர்கெலின் மனைவி அபெலோன் இரண்டு வருடம் முன்பு பிரசவ ஜுரத்தில் போனவள். குளிப்பாட்டியது போதில்தான். புதைத்த அன்றே குழிக்குள் தட்டுகிற சத்தம் கேட்டது. சபை வந்து தோண்டியது, ஆணி அடித்தது. அவள் கத்தினாள். பிசாசு கத்துகிறது என்றார் மௌரித்ஸ். அன்றைக்கு வாயை மூடிய தெர்கெல் அப்புறம் யாரோடும் பேசவில்லை. இப்போதும் பேசாமல் சம்மட்டியால் செங்கல்லைப் பெயர்த்தான்.

துவாரம் திறந்ததும் இளையவர்கள் வெளியே நின்றபடியே கயிற்றில் கட்டிய கொக்கியை வீசினார்கள். போன வழியிலேயே இழுத்துப்போட்டு அடிப்பது அவர்கள் வழக்கம். லௌஸ்ட் கஞ்சிக் கிண்ணத்தோடு மூலையில் ஒண்டிக்கொண்டான். கொக்கி எட்டவில்லை. மௌரித்ஸின் பூட்ஸ் வாசலுக்கு ஒரு விரற்கடை வெளியே நிற்பதைப் போதில் பார்த்தாள். அவளுக்குச் சட்டென்று வழி தெரிந்துவிட்டது.

"என்ன சாமியாரே, எட்டலையா?" என்று ஆரம்பித்தாள். "நாப்பது வருஷமா குழியில கிடந்தவங்க மேல ஏறி நின்னு வீரம் காட்டினீரே! உக்காந்து கஞ்சி குடிக்கிறவன்கிட்ட வர தொடை நடுங்குதோ? த்தூ! ஆம்பளைன்னா உள்ள வந்து அடியும்!"

அந்த மனுஷரை அப்படி யாரும் பேசியதே இல்லை. முகம் ரத்தமாகச் சிவந்தது. "அடி நாயே!" என்று ஆணியை ஓங்கிக்கொண்டு ஒரே தாவலில் உள்ளே வந்துவிட்டார்.

வெளியே கூட்டம் அலறியது. இளையவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

போதில் கை தட்டினாள். "எல்லாரும் பாத்தீங்கல்ல? இந்த வாசல் வழியா உள்ள வந்தது என்னது? சொல்லுங்க!"

"பைத்தியமே, நான் உசுரோட இருக்கேன்!"

"அதைத்தான் என் புருஷனும் மூணு நாளா சொல்றான்!"

மௌரித்ஸ் திரும்பிப் பார்த்தார். இளையவர்களில் ஒருவன் தோல்பையிலிருந்து இன்னொரு ஆணியை எடுத்துக்கொண்டிருந்தான். அவர் சொல்லிக்கொடுத்த பாடம்தானே.

"கிட்ட வராதடா! வாசல்ல என்னடா இருக்கு? வெறும் செங்கல்லுடா! ஆள் மூச்சு விடறானான்னு பாருங்கடா!"

போதிலுக்கு வயிறு குளிர்ந்தது. அப்போது சம்மட்டி தரையில் விழுந்தது.

"வெறும் செங்கல்லா?" என்றான் தெர்கெல். இரண்டு வருடம் கழித்து ஊர் கேட்ட அவன் குரல். "அப்ப என் அபெலோன் தட்டினது?"

தெர்கெல் மௌரித்ஸை விட்டுவிட்டுப் போதிலைப் பார்த்தான்.

"அக்கா, நீ இறகு வெச்சுப் பாத்தியே?"

"பாத்தேன் தெர்கெல்," என்றாள் போதில். "லௌஸ்டுக்குப் பாத்த மாதிரியேதான் பாத்தேன்."

மௌரித்ஸை முன்வாசல் வழியாக வெளியே விட்டார்கள். எங்கள் பக்கம் சபை அப்புறம் வரவில்லை. ஆனால் போதிலின் கோபம் தணியவில்லை. ஊரில் யார் செத்தாலும் மூன்று நாள் பெட்டியை மூட விடமாட்டாள். பாதிரியார் முணுமுணுப்பார், நாற்றம் தாங்கவில்லை என்பார்கள் வீட்டார். "மூடிப் பாரு, கையை ஒடிக்கிறேன்" என்று பெட்டியோடு உட்கார்ந்திருப்பாள். எதிரே தெர்கெலும் வந்து உட்காருவான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். தட்டுகிற சத்தம் கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டிருப்பார்கள்.