சாச்சி இறக்கச் சொன்ன நட்டு

என் வாப்பாவின் தம்பியான சாச்சா மௌத்தாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் மனைவி சாச்சி, கணவனை இழந்த பெண் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய காலம் அது. சாச்சாவின் மூத்த சகோதரரான பெரியவாப்பாவும் அந்தக் கணக்கில் அந்நியர்தான். ஆகவே எதுவானாலும் முன்கூடத்தில் நின்று அறை வாசலின் திரைச்சீலையிடம்தான் பேசினார்.

சாச்சாவின் தோல் தைக்கும் மெசினை விற்கப் போவதாக அவர் அறிவித்ததும் அப்படித்தான். ஆணில்லாத வீட்டுக்கு அது எதற்கு, ஒரு பிரீசர் வாங்கிக் கொடுத்தால் ஐஸ் பக்கற் விற்றுப் பிழைக்கலாம் என்றார். சாச்சி வேண்டாம் என்றார்.

"கவலையில கதைக்கிறீங்க புள்ள" என்றுவிட்டுப் பெரியவாப்பா போய்விட்டார்.

ஆலங்குடாவில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களின் இடுப்புப் பட்டி, ஓட்டோ சீற், தோல் பை எல்லாம் சாச்சா தைத்தவை என்றே எங்கள் ஊரான கற்பிட்டியில் நம்பினார்கள். சாச்சா அளவெடுத்தார், வெட்டினார், வாசலில் நின்று விலை பேசினார். தைத்தது சாச்சி. எனக்கு அது தெரியும். ஆனால் ஒன்பது வயதில் அதைப் பிறருக்குச் சொல்ல வேண்டிய செய்தியாக நான் நினைக்கவில்லை.

அந்த மெசினுக்கு இரட்டைப் பாதம். ஒன்று தோலை அமுக்கிப் பிடிக்கும்போது மற்றது தூக்கி அடுத்த அடி வைக்கும். நடப்பது போலவே இருக்கும்.

வாங்க வந்தவர் சிலாபத்துக்காரர். மோட்டார் வேலை தெரிந்தவர் என்றார்கள். பெரியவாப்பாவுடன் வெளி விறாந்தையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சாச்சி என்னை அறைக்குள் இழுத்தார்.

"மெசினுக்குப் பின்னால ரெண்டு காது வெச்ச நட்டு ஒண்டு இருக்கு. தளர்த்தி, ஆகக் கீழ இறக்கி முறுக்கிட்டு வாங்க. ஆருக்கும் சொல்லப்படாது."

விற்பதற்கு முன் செய்யும் ஏதோ ஆயத்தம் என்று நினைத்தேன். இறக்கி முறுக்கிவிட்டு வந்தேன்.

சிலாபத்துக்காரர் முன்கூடத்துக்கு வந்து மோட்டாரின் மேல் கையை வைத்துப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு தடித்த தோல்பட்டியை இரண்டாக மடித்து ஊசிக்குக் கொடுத்தார். பாதம் எழும்பவில்லை. தோல் நகரவில்லை. ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தி நூல் முடிச்சாகக் குவிந்தது. கையால் தள்ளினார். ஊசி முறிந்தது.

"மௌத்தாக முந்தின நாளும் தம்பி தெச்ச மெசின் இது" என்றார் பெரியவாப்பா.

"அவர்ட கைக்குத்தான் நடந்திருக்கும், ஹாஜியார். இப்ப நொண்டுது" என்றார் சிலாபத்துக்காரர்.

கவலையில் சாச்சி மேலே என்பதற்குப் பதிலாகக் கீழே என்று சொல்லிவிட்டார் என்று எனக்குப் பட்டது. மெசினுக்குப் பின்னால் போய் நட்டைப் பிடித்தேன்.

"பெரியவாப்பா, இத மேல..."

"மகள், ஓடி வாங்க. எனக்குத் தல சுத்துது" என்றது திரைச்சீலை.

சாச்சி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலை சுற்றுபவர் போலத் தெரியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தவர், சிலாபத்துக்காரரின் வேன் சத்தம் தெருமுனையில் அடங்கும்வரை விடவில்லை.

"நான் பிழையாச் செஞ்சிட்டனா?"

"இல்ல. சரியாத்தான் செஞ்சீங்க."

அப்படியென்றால் ஊசி ஏன் முறிந்தது? கேட்பதற்குள் பெரியவாப்பா திரைச்சீலைக்கு அருகே வந்துவிட்டார்.

"அவனோட மெசினும் போச்சு புள்ள. கிடக்கட்டும், இனி ஆரு வாங்கப் போறாங்க."

சாச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. வெளியே பெரியவாப்பா மூக்கை உறிஞ்சினார். நான் சாச்சிக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. குலுக்கம் நிற்கும்வரை கோப்பையுடன் நின்றேன். சாச்சியின் கண் நனைந்திருந்தது, ஆனால் முகம் அழுகிற முகமாக இல்லை.

இத்தா முடிந்த மூன்றாம் நாள் முன்கூடத்தில் மெசின் ஓடியது. பெரியவாப்பா வந்து பார்த்தார். சாச்சி நான்கு மடிப்புத் தோலைத் தைத்துக்கொண்டிருந்தார். பாதங்கள் ஒன்று மாறி ஒன்று ஒழுங்காக அடி வைத்தன.

"இது எப்பிடிச் சுகமாச்சு?"

"அல்லாஹ்ட நாட்டம்" என்றார் சாச்சி, தலை நிமிராமல்.

பெரியவாப்பா சுபஹானல்லாஹ் என்றார். மனதார நம்பினார். அந்த நட்டை என் கையாலேயே இறக்கியிருந்த நானும் நம்பினேன்.