பிளக் போடாத படகு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், நம்புவதா வேண்டாமா என்பதைப் பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள். நீச்சல் தெரியாத என் மனைவியை, ஓட்டை திறந்து கிடந்த படகில் ஏற்றி, பாரூர் ஏரியின் நடுவுக்குக் கொண்டுபோனவன் நான். இதில் விசேஷம் என்னவென்றால், ஓசூரில் ஒரு பம்பு கம்பெனியில் எனக்கு வேலையே ஓட்டை கண்டுபிடிப்பதுதான். வார்த்து வரும் உருப்படிக்குள் காற்றை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பேன். ஊசிமுனை ஓட்டைகூட என் கண்ணுக்குத் தப்பாது என்று கம்பெனியில் பெயர். பெருவிரல் நுழையும் ஓட்டை தப்பிவிட்டது.

பேய் பிசாசில் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. அதெல்லாம் நைட் ஷிஃப்ட் சமாசாரம் என்று கிண்டலடிக்கிறவன். இது வந்ததோ ஜெனரல் ஷிஃப்டில், ஞாயிற்றுக்கிழமை, சுள்ளென்ற வெயிலில்.

பெங்களூரில் யாரோ கழித்துக் கட்டிய சின்னப் பாய்மரப் படகு அது. இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் ஏறினால் சண்டை வரும். போனில் வீடியோ பார்த்தே ஓட்டக் கற்றுக்கொண்டேன். பாரூர் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கும் சாதிக் பாய் தன் கொட்டகையில் அதற்கு இடம் கொடுத்தார். படகின் பாய்த்துணியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து, பாசியோ மண்ணோ ஒட்டாமல் அலசி, மொட்டைமாடியில் நிழல் பார்த்துக் காயப்போடுவேன், வெயில் பட்டால் துணி நைந்துவிடும். கீழ்வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “என்ன சார், வீட்ல விசேஷமா? சொல்லவே இல்ல” என்று கேட்டார். ஷாமியானா என்று நினைத்துக்கொண்டார்.

மஞ்சுளா வேப்பனப்பள்ளிக்காரி. மாந்தோப்புக்குப் பாயும் வாய்க்கால் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் கால் வைத்ததில்லை. ஒரே ஒரு தடவை வந்து பார், பிடிக்கவில்லை என்றால் படகை விற்றுவிடுகிறேன் என்று நான் சத்தியம் செய்ததால், விற்கிற ஆசையில் வந்தாள். புடவைக்கு மேல் ஆரஞ்சு மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றவளைப் பார்த்து சாதிக் பாய் மரியாதைக்காகத் திரும்பி நின்று சிரித்தார்.

எனக்கு அன்று கேப்டன் தோரணை. பாய்மரத்தை நிமிர்த்தி, அதை இழுத்துப் பிடிக்கும் பக்கக் கம்பிகளை முறுக்கி, விரலால் சுண்டி வீணை மாதிரி சத்தம் காட்டினேன். பாயை ஏற்றினேன். கயிறு நழுவாமல் இருக்க அதன் நுனியில் எட்டு மாதிரி ஒரு முடிச்சு போடவேண்டும், அதை அவளுக்கு இரண்டு முறை போட்டுக் காட்டினேன். சுக்கானை மாட்டினேன். இந்தப் பிரசங்கத்தில் பின்பலகையின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைக்குப் பிளக் போட மறந்துவிட்டேன். கழுவிய தண்ணீர் வெளியேறுவதற்கான ஓட்டை அது. ஏரியில் இறக்குமுன் பிளக்கைத் திருகி மூடியாக வேண்டும். அந்தப் பிளக் தொலைந்துவிடக்கூடாது என்று காரில் பிள்ளையார் காலடியில் பத்திரமாக வைத்திருந்தேன். அங்கேயே பத்திரமாக இருந்தது.

இன்னொரு ஆள் வந்தால் முன்னால்தான் உட்காரவேண்டும். அவள் என்னை விட்டு நகரமாட்டேன் என்று என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிப் பின்பலகையில் குதிகாலை ஊன்றிக்கொண்டாள். புடவை பாதத்தை மூடியிருந்தது.

கரையிலிருந்து நன்றாகத்தான் கிளம்பினோம். நடு ஏரிக்கு வந்ததும் படகு மந்தமாகிவிட்டது. காற்று இருக்கிறது, பாய் புடைத்து நிற்கிறது, கையில் கயிறு விண்ணென்று இழுக்கிறது, படகு மட்டும் சேற்றில் மாட்டிய மாட்டுவண்டி மாதிரி ஊர்கிறது. பாசி சிக்கியிருக்குமோ என்று, படகுக்கு அடியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் நடுப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது.

“எல்லாம் உன் வெயிட்டுதான்” என்றேன்.

வழக்கமாக இதற்கு ஒரு இடி கிடைக்கும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கண் காலடியிலேயே இருந்தது, தொடை நடுங்கியது. பயம் என்று நினைத்தேன். திரும்பும்போது இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார் என்றால் நகரவில்லை. படகு சாய்கிறது, நான் கத்துகிறேன், அவள் குதிகாலை எடுக்கவில்லை. பதற்றம் வந்தால் அவளுக்குப் பாதித் தமிழ் போய்த் தெலுங்கு வந்துவிடும்.

“போதாம்ங்க, கரைக்குப் போதாம்.” போய்விடலாம் என்கிறாள்.

“இன்னும் ஒரே ஒரு ரவுண்டு” என்றேன். போனோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

கரை கிட்டே வந்து அடியில் மணல் தெரிந்ததும், பிடித்திருந்த யாரோ விட்டுவிட்ட மாதிரி படகு சட்டென்று முன்னால் பாய்ந்து மண்ணில் ஏறியது. மஞ்சுளா இறங்கிக் கொட்டகைவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நானும் சாதிக் பாயும் படகை மேலே இழுத்துப்போட்டோம். பழக்கதோஷத்தில் பிளக்கைத் திருகிக் கழற்றக் குனிந்தேன், என் விரல் நேராக ஓட்டைக்குள் போய்விட்டது.

உள்ளே தடவிப் பார்த்தேன். படகின் தரை அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது.

அந்த ஓட்டையோடு அவ்வளவு நேரம் தண்ணீரில் இருந்தால் ஒரு படகு என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? அடுத்த ஞாயிறு நான் மட்டும் போய், இடுப்பளவுத் தண்ணீரில் படகை நிறுத்தி, பிளக் இல்லாமல் ஏறி உட்கார்ந்தேன். குழாயைத் திறந்துவிட்ட மாதிரி தண்ணீர் பொங்கிவந்து, ஒரு பீடி பற்றவைக்கும் நேரத்தில் கணுக்கால் முங்கியது.

“ஓட்டப் படகுல தண்ணி வருமான்னு டெஸ்ட்டு வேறயா?” என்றார் சாதிக் பாய் கரையிலிருந்து. “கம்பெனில சம்பளம் இதுக்குத்தான் குடுக்கறாங்களா சார்?”

“அன்னிக்கு ஏன் வரலன்னு சொல்லுங்க பாய்.”

அவர் பின்பலகையைக் கையால் காட்டினார். “அக்கா காலு அங்கதானே இருந்துச்சு? ஓட்டையப் பாத்திருப்பாங்க. குதிகால வெச்சு அமுக்கியிருப்பாங்க. சொன்னா நீங்க பதறிப் படகக் கவுத்துருவீங்கன்னு கம்முனு இருந்திருப்பாங்க.”

எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. அதுதான், அதேதான் என்று நெஞ்சில் ஒட்டவைத்துக்கொண்டேன். ஓட்டைக்கு நேராக வைத்து அழுத்தியிருக்கிறாள், அவ்வளவுதான். குதிகால் ஒன்றும் ரப்பர் வாஷர் இல்லை, ஓரத்தில் கசியாமலா இருக்கும் என்று எனக்குள் இருக்கும் இன்ஸ்பெக்டர் முனகினான். அவனை லீவில் அனுப்பிவிட்டேன். படகு மந்தமானதையும் கடைசியில் பாய்ந்ததையும் காற்றின் கணக்கில் எழுதிவிட்டேன்.

மஞ்சுளாவிடம் மட்டும் கேட்கவில்லை. அவளும் பேசவில்லை. படகை விற்கச் சொல்லவும் இல்லை, அதுதான் எனக்கு விசித்திரம். வீட்டில் ஒரே ஒரு மாற்றம். நாற்காலியிலோ கட்டிலிலோ காலைத் தொங்கப்போட்டு உட்காரமாட்டாள், மடக்கி மேலே வைத்துக்கொள்வாள். சாயங்காலம் விளக்கேற்றியதும், பாத்ரூமிலும் துணி துவைக்கும் இடத்திலும் தண்ணீர் போகும் ஓட்டைமேல் ஒவ்வொரு கல்லைத் தூக்கி வைப்பாள். கரப்பான் வருகிறது என்பாள். எங்கள் வீட்டில் நான் ஒரு கரப்பானைக்கூடப் பார்த்ததில்லை.

போன வாரம் அவள் கல்லை வைத்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் நின்று, என்னவோ தைரியம் வந்து, சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

“அன்னிக்கு ஏரியில ஓட்டையக் குதிகாலால அடைச்சுக்கிட்டு ரெண்டு பேர் உசுரையும் காப்பாத்துனியே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

அவள் திரும்பவில்லை. கல்லை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, ஓட்டை முழுக்க மறைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டாள்.

“நான் அடைக்கலீங்க, உள்ள வந்ததை வெளிய தள்ளிக்கிட்டிருந்தேன்.”