காலி நாற்காலிகளுக்கு ஒரு கிட்டார் சோலோ

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபம். பெங்களூரிலிருந்து வந்த ராக் பேண்டின் கிட்டாரிஸ்ட் கண்ணை மூடிக்கொண்டு சோலோ வாசித்துக்கொண்டிருந்தார். பிரமாதமான சோலோ. முதுகை வில்லாக வளைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, முகத்தில் பல்வலிக்காரனின் வேதனையோடு...

வாசித்து முடித்துக் கண்ணைத் திறந்தார். எதிரே நாற்காலிகள் இருந்தன. ஆட்கள் இல்லை.

அந்தக் கச்சேரியை ஏற்பாடு செய்த புண்ணியவான் நான்தான். பேண்டின் பெயரைக் கேட்காதீர்கள். பாவம், அவர்கள் இன்னும் நாலு ஊருக்குப் போய்ப் பிழைக்க வேண்டும்.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். இன்றுதான் வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்து என்னைப் படிக்கவைத்தாள். விருதுநகரில் ஹாஸ்டல். அங்கே ரூம்மேட் ஒருநாள் தன் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டான். கழற்றியபோது நான் வேறு ஆள். டிகிரி வாங்கப் போனவன் ராக் மியூசிக்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

“படிக்க அனுப்புனா, அலறப் படிச்சுட்டு வந்திருக்கான்” என்பது அம்மாவின் விமர்சனம்.

இப்போது ஒரு பிரஸ்ஸில் டிசைனர். பகலெல்லாம் காலண்டர் முருகனுக்கு ஒளிவட்டம் போடுகிறேன் — காதுக்குள் டிரம்ஸ் இடித்துக்கொண்டிருக்கும். முருகன் இதுவரை ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

‘உங்களுக்குப் பிடித்த பேண்டுகள் எவை?’ என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பெயர் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். அதனால் ரகம் சொல்கிறேன். என் பிரஸ்ஸில் ஆஃப்செட் மெஷின் ஓட்டும் பாண்டி, எனக்குத் தெரிந்து ஊரின் இன்னொரு ராக் ரசிகன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உலக பேண்டுகளை எல்லாம் எங்கள் ஊர் வழக்கப்படி பிரித்து வைத்திருக்கிறோம்.

என் உயிர் சரவெடி பேண்டுகள். மூச்சு விடாமல் மூன்று நிமிஷம், முடிந்தால் தரையெல்லாம் குப்பை, மனசெல்லாம் சந்தோஷம். அடுத்தது சங்குசக்கரம். ஒரே பாட்டு இருபது நிமிஷம் சுற்றும். எங்கே போகிறது என்று கேட்கக் கூடாது — எங்கேயும் போகாது. சுற்றுகிற அழகுக்காகப் பார்க்கலாம். பாண்டிக்குப் பிடித்தது பாம்பு மாத்திரை. கருப்பாக, நீளமாக, மெதுவாக வந்துகொண்டே இருக்கும், ஒரே புகை, கடைசியில் மிஞ்சுவது ஒரு கறை. பாண்டிக்குக் காதல் தோல்வி. அவனை மன்னித்துவிடலாம். எழுபது வயதிலும் தோல் பேன்ட் போட்டுக்கொண்டு ‘இதுதான் கடைசி டூர்’ என்று வருஷா வருஷம் கிளம்புகிற பெரியவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் நமத்த வெடி. திரி ஜோராக எரியும். நாமும் காதைப் பொத்திக்கொண்டு நிற்போம்... நிற்போம்... இன்னும் நின்றுகொண்டிருக்கிறோம்.

எந்த ரகமானாலும் நேரில் கேட்க வேண்டும். ரெக்கார்டில் கேட்பது வெடிப்பெட்டியின் லேபிளைப் பார்ப்பது மாதிரி. லேபிள் அடிக்கிறவன் சொல்கிறேன், நம்புங்கள்.

ஆனால் நேரில் கேட்க பெங்களூருக்கு அல்லவா பஸ் ஏற வேண்டியிருக்கிறது? அடித்துப்பிடித்துப் போய் நின்றால் எனக்கு முன்னால் ஒரு நெட்டையர். இரண்டு கையிலும் போனைத் தூக்கிப் பிடித்திருப்பார். அவருடைய திரையில்தான் நான் மேடையைப் பார்ப்பேன். அதை வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாமே?

எங்கள் ஊரிலேயே ஒரு கச்சேரி நடத்தினால் என்ன?

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். தனபாலண்ணாச்சியிடம் போய் நின்றேன். மண்டபமும் அவருடையது, ஒரு பட்டாசுக் கம்பெனியும் அவருடையது. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

“ஆடியும் மார்கழியும் சும்மாதான தம்பி கெடக்கு. நடத்திக் காட்டு. நல்லபடியா முடிஞ்சா வருஷா வருஷம் அந்த ரெண்டு மாசமும் ஞாயித்துக்கெழமை மண்டபம் உனக்கு. ஆனா ஒண்ணு...” என்று விரலை உயர்த்தினார். “கல்யாணம் நடக்கிற எடம் இது. கூட்டம் பாதியில எந்திரிச்சுப் போயிருச்சுன்னு பேரு வந்திரக் கூடாது. வந்துச்சு, இந்தப் பக்கமே வராத.”

சரி என்றேன். திருவனந்தபுரத்தில் ஒரு காலேஜ் விழாவுக்கு வந்திருந்த பேண்டைப் போகிற வழியில் இறங்கிப் போகும்படி கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். ரகம்? சரவெடி. மண்டபம் இருக்கிறது, பேண்ட் இருக்கிறது. கூட்டம்?

நானும் பாண்டியும் மட்டும் உட்கார்ந்தால் கூட்டமா?

“ஏலே, ஆளுதான வேணும்? எங்க செட்டையே கூட்டியாரேன்” என்றாள் அம்மா. “சாப்பாடு உண்டா?”

“தக்காளிச் சோறு.”

“அப்ப ரெண்டு லோடு வரும்.”

வந்தது. அம்மாவின் கம்பெனி, பக்கத்துக் கம்பெனி, அதற்கடுத்த கம்பெனி. எல்லோரும் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். சாப்பாட்டு டோக்கன் வாங்கிப் போட, வாசலில் ஓர் அட்டைப்பெட்டியோடு நின்றான் பாண்டி. முதலில் வந்த பாக்கியம் அத்தை அந்தப் பெட்டிக்குள் தன் செல்போனைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அம்மாவோடு ஒரே ஷெட்டில் வேலை பார்க்கிறவள். பட்டாசுக் கம்பெனி கேட்டில் தினமும் போனைக் கொடுத்துப் பழகிய கை! பின்னால் வந்தவர்களும் வரிசையாகப் போட்டார்கள். பாண்டி திகைத்துப்போய்ப் பெட்டியைத் தாங்கிக்கொண்டு நின்றான்.

உள்ளே போனவர்கள் உடனே உட்காரவில்லை. மண்டபத்துக்கு எத்தனை கதவு என்று பார்த்தார்கள். அத்தனையையும் திறந்தார்கள். திறந்த கதவு மூடிக்கொள்ளாதபடி நாற்காலியை முட்டுக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துப் பட்டாசு ஷெட்டுகளில் அப்படித்தான். சுற்றிலும் கதவு, எல்லாம் திறந்தே இருக்கும், வழியை மறித்து யாரும் உட்காரமாட்டார்கள்.

அண்ணாச்சிக்கு வயிறு எரிந்தது. “ஏசி ஓடுது தாயி, கதவைச் சாத்துங்க!”

“ஏசி ஓடட்டும் அண்ணாச்சி” என்றாள் பாக்கியம் அத்தை. “அவசரம்னா நாங்களும் ஓடணும்ல?”

கச்சேரி ஆரம்பித்தது. பாடகர் மைக்கைப் பிடித்து, “ஹலோ சிவகாசீ! மேக் சம் நாய்ஸ்!” என்று அலறினார். மண்டபம் அமைதியாக அவரைப் பார்த்தது.

“என்னலே கேக்காரு?” என்றாள் அம்மா.

“நம்மளைச் சத்தம் போடச் சொல்றாரும்மா.”

“மேடையில நிக்கிறது அவரு. அவருதான போடணும்?”

போட்டார்கள். பாடகரும் கிட்டாரும் பேஸும், பின்னால் டிரம்ஸில் ஒரு குட்டைமுடிப் பெண்ணும். அருமையாகப் போட்டார்கள். எங்கள் ஆட்களோ பெண் வீட்டார் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். மூன்றாவது பாட்டு கொஞ்சம் மெதுவானது. பாடகர் உருகி, “எல்லாரும் போன் லைட் ஆன் பண்ணுங்க!” என்றார். யாரிடம் போன் இருக்கிறது? எல்லாம் வாசலில் பாண்டியின் பெட்டிக்குள் அல்லவா தூங்குகின்றன? இருட்டில் ஒரு வெளிச்சமும் எழவில்லை. அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் குஷி. ஒரு போன்கூடக் குறுக்கே நிற்காத ராக் கச்சேரியை நீங்கள் பார்த்ததுண்டா? மொத்தக் கூட்டமும் வெறும் கண்ணால் மேடையைப் பார்க்கிறது. பாதி நேரம் ஓடிவிட்டது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சி முன்வரிசையில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். தாளத்தில் அல்ல... இருந்தாலும் ஆட்டினார். மண்டபம் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகுதான் அந்த சோலோ.

பேண்டின் மானேஜர் எங்களுக்குத் தெரியாமல் ஒரு விசேஷம் வைத்திருந்தார். பட்டாசு ஊருக்கு மரியாதை செய்கிறாராம். சோலோ உச்சத்துக்குப் போனபோது மேடையின் இரண்டு பக்கமும் இரண்டு மெஷின்களிலிருந்து, புஸ்வாணம் மாதிரி, ஆள் உயரத்துக்குப் பொறி பீச்சியது.

வேறு ஊராக இருந்தால் கைதட்டி விசிலடித்திருப்பார்கள்.

இங்கே யாரும் கத்தவில்லை. யாரும் ஓடவில்லை. யாரும் யாரையும் இடிக்கவில்லை. எல்லோரும் எழுந்தார்கள். பக்கத்துக் கதவு வழியாக வெளியே நடந்தார்கள். அவ்வளவுதான். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் தொட்டி காலியாகிற மாதிரி மண்டபம் காலியானது. நான்? நானும் வெளியேதான் நின்றேன். எப்போது எழுந்தேன், எந்தக் கதவு வழியாக வந்தேன்... இன்றுவரை தெரியாது. அங்கிருந்து பார்த்தபோது, மேடையில் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்.

அம்மா தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். “அங்கன நிக்கிறது யாரு? எல்லாரும் வந்தாச்சா?” அவள் ஒருமுறை இப்படி ஒரு ஷெட்டிலிருந்து வெளியே நடந்து வந்தவள். அன்றைக்குக் கூட இருந்த எல்லோரும் வரவில்லை. அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டாள். எண்ண மட்டும் செய்வாள்.

மானேஜர் ஓடி வந்தார். “பயப்படாதீங்க! இது கோல்ட் ஸ்பார்க், குளிர்ந்த பொறி. கையே வைக்கலாம். சுடவே சுடாது!”

“சுடாத பொறியா?” அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “யாருகிட்ட வந்து சொல்றீக?”

“ஆஃப் பண்ணியாச்சும்மா. உள்ள வாங்க” என்றேன்.

“பொறி விழுந்த ரூமுக்குள்ள அன்னைக்கு மறுபடி போற பழக்கம் கெடையாதுலே. உனக்குத் தெரியாதா?”

தெரியும். என் பார்வை அண்ணாச்சியைத் தேடியது. அவர் காலி மண்டபத்தையும் வெளியே நின்ற கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு. ஆடி போச்சு, மார்கழி போச்சு. இனி ஆயுசுக்கும் பெங்களூர் பஸ்தான்.

பாடகர் வாசல்வரை வந்தார். கையில் மைக். “எங்க மியூசிக் அவ்ளோ மோசமா?” என்று கேட்டார். மைக் ஆனில் இருந்ததால் அது தெரு முழுக்கக் கேட்டது.

பதில் சொன்னது அதுவரை ஒரு வார்த்தை பேசாத டிரம்ஸ் பெண். சொல்வதற்கு முன் செய்தாள். ஒரு டிரம்மைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து தரையில் வைத்தாள். “அவங்க வரமாட்டாங்க. நாம போலாம்.”

மண்டபத்துக்குப் பின்னால் லாரி நிறுத்துகிற கிரவுண்ட் இருக்கிறது. பேண்ட்காரர்கள் சாமான்களைக் கதவுவரை கொண்டுவந்தார்கள். அங்கிருந்து எங்கள் ஆட்கள் வாங்கிக்கொண்டார்கள். வெடிப்பெட்டி லோடு ஏற்றுகிற அதே வரிசை. கை மாற்றிக் கை, கை மாற்றிக் கை. ஆம்ப்ளிஃபயர் போனது, ஸ்பீக்கர் போனது, கடைசியாக, மானேஜர் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, அவருடைய சூட்கேஸும் போனது. பாண்டி ஒயரை இழுத்தான்.

“ஸ்லோ சாங் ஒண்ணு பாடவா?” என்று பயந்துபோய்க் கேட்டார் பாடகர்.

“வேண்டாம்!” என்றது கிரவுண்ட். “வெடியப் போடுங்க!”

போட்டார்கள் பாருங்கள்! நான் பெங்களூரில் பார்த்திருக்கிறேன், சென்னையில் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கச்சேரியைப் பார்த்ததில்லை. தலைக்கு மேலே கூரை இல்லை என்றதும் எங்கள் ஆட்களுக்கு என்ன வந்ததோ... உள்ளே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் கத்தினார்கள். “இது வெடிச்சிருக்கு!” என்று பாக்கியம் அத்தை சான்றிதழ் கொடுத்தாள். டிரம்ஸ் பெண் அடிக்க அடிக்க அம்மா முன்னால் போய், “போடு தாயி! போடு!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். என் அம்மாதானா? நான் ஒரு அடி பின்னால் நகர்ந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

எல்லாம் முடிந்து தக்காளிச் சோறு பரிமாறும்போது அண்ணாச்சி கூப்பிட்டார்.

“கூட்டம் பாதியில எந்திரிச்சுப் போச்சே தம்பி. பேச்சுன்னா பேச்சுதான?”

பாக்கியம் அத்தை சோற்றுத் தட்டோடு குறுக்கே வந்தாள். “ஏன் அண்ணாச்சி, மொத ஆளா வெளிய வந்து நின்னது யாரு? நாங்க வர்றப்ப நீங்க கேட் பக்கத்துல நிக்கீக!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி ஏப்பம் விடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிரவுண்டைப் பார்த்தார்.

“மண்டபம் கெடையாது” என்றார். “கிரவுண்டை எடுத்துக்க. ஆடியும் மார்கழியும். தண்ணி லாரி ஒண்ணு பக்கத்துல நிக்கணும். அந்தச் சூட்கேஸ்காரரு மட்டும் வரக் கூடாது.”

ஆக, எங்கள் ஊருக்கு ஒரு ராக் மைதானம் கிடைத்திருக்கிறது. அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு நாளாக டீ வேண்டும் என்றால்கூடக் கையால்தான் ஜாடை காட்டுகிறாள்.

ராக் மியூசிக்கால் வீட்டில் அமைதி போய்விடும் என்று யாரய்யா சொன்னது?