பாய் பெயரில் நுழைந்த செல்வி

சாலை மறியலில் காருக்குள் சும்மா உட்கார்ந்திருப்பது என்னால் ஆகாத காரியம். போன வாரம் இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில், எலவனாசூர்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் பாய் - கள்ளக்குறிச்சியில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்.

அவர் கடை டேட்டாபேஸில் ஏகப்பட்ட பிள்ளைகளின் சான்றிதழ்கள் இருக்கின்றன. அதற்கொரு பாஸ்வேர்டு, விண்டோஸுக்கு ஒரு பாஸ்வேர்டா என்று அலுத்துக்கொண்டிருந்தார். கடையின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்பவன் நான்; மறியலுக்கு முந்தைய நாள்தான் ஒரே பாஸ்வேர்டாக மாற்றிக் கொடுத்திருந்தேன். விண்டோஸில் யார் பெயரில் நுழைகிறோமோ, அந்தப் பெயரைப் பார்த்தே டேட்டாபேஸ் திறக்கும். அனுமதி பாய் ஒருவருக்கு மட்டும். பாதுகாப்பாம்... என் மேதாவித்தனம்.

மணி நாலரை. கடையில் வேலை பார்க்கும் செல்வி போன் செய்தாள்.

"அண்ணா, என் பேர்ல போனா உள்ள வுட மாட்டேங்குது. ரிஷிவந்தியத்துப் பொண்ணு ஒண்ணு அழுதுகினு நிக்குது."

கூலி வேலைக்குப் போகிறவர்களின் மகள். கல்லூரி விண்ணப்பம் ஐந்து மணியோடு முடிகிறது. அசல் சாதிச் சான்றிதழ் ஊரில். போய் எடுத்துவர பஸ் ஓடவில்லை. நகல் டேட்டாபேஸுக்குள்.

பாய் என்னை முறைத்தார். "ஈஸின்னு சொன்னீங்க, இன்னா இது?"

லேப்டாப் இருந்தால் இங்கிருந்தே சரிசெய்துவிடலாம்; அதுவோ வீட்டில். பாயின் விண்டோஸ் பாஸ்வேர்டைப் போனில் சொல்லச் சொல்லலாமா, கூடாதா? நான் யோசித்து முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. இறங்கி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நின்ற லாரிகளுக்கு நடுவே அலைந்தேன். ஒரு பெண்ணின் படிப்பு என்னால் போகப்போகிறதே!

ஐந்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது காருக்குத் திரும்பினேன். செல்வியே கூப்பிட்டாள். விண்ணப்பம் போய்விட்டதாம். எப்படி?

"பாய் பேர்ல போய்ட்டேங்க. அவரு தொழுகைக்குப் போனா நாங்க அதுலதான வேல செய்வோம்."

பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலை நிற்கக் கூடாதென்று தன் பாஸ்வேர்டைக் கடையில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாராம்.

போன உயிர் வந்தது. கூடவே வெட்கமும். நாள் முழுக்க அந்த டேட்டாபேஸில் கிடந்து உழைப்பவள் செல்வி. அனுமதிப் பட்டியலில் அவள் பெயரைச் சேர்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை? கேட்டவர் ஓனர், நான் ஓனரை மட்டும்தான் பார்த்தேன்.

மறியல் கலைந்ததும் நேரே கடைக்குப் போனோம். செல்வியின் பெயரைச் சேர்த்தேன். பாயின் பாஸ்வேர்டை மாற்ற வைத்தேன். செல்வி தன் பெயரிலேயே உள்ளே போய்ப் பார்த்தாள்.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாமேண்ணா" என்றாள்.

மறியலில் ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்: பட்டியலில் தங்கள் பெயருக்கும் ஓர் இடம்.