மஞ்சள் அரிசி

நன்னிலம் பக்கம் ரேஷன் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். மாதாமாதம் அரிசி வாங்க வரும் ஒரு பள்ளிக்கூடப் பெண் என் முகத்தைப் பார்க்கவே மாட்டாள், தராசையே முறைப்பாள். ஒருநாள் அரிசிப் பையோடு கடைக்குப் பின்னால் ஒதுங்கினாள். யாருக்கோ விற்கிறாள் என்று சந்தேகப்பட்டுப் பின்னாலேயே போனேன். அரிசியில் மஞ்சள்தூளைக் கொட்டிப் பிசறிக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்ற?”

“இப்படி இருந்தா அப்பா குடிக்கிறதுக்கு விக்க முடியாது சார். நாங்க கழுவி ஆக்கிக்குவோம்.”

நான் நம்பவில்லை. மறுநாள் அவள் அப்பா தள்ளாடி வந்தார். “என்னய்யா அரிசி போடுற? மஞ்சளா இருக்குன்னு எவனும் வாங்க மாட்டேங்குறான்!”

“இந்த மாசம் லோடே அப்படித்தாங்க வந்துச்சு” என்றேன்.

அடுத்த மாதம் வந்தவள் பையை நீட்டவில்லை. முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“அப்பாகிட்ட எதுக்குப் பொய் சொன்னீங்க? உங்களுக்கு என்ன சார் வேணும்?”